முத்துப் பாரைக் குத்தகைக்கு விட்ட கதை

குவாண்டம் கம்ப்யூட்டருக்கு அரசு ஏன் காசு கொட்டணும், கம்பெனிகளே பார்த்துக்கட்டுமேன்னு போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 2023-ல மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கினப்பவும் இதே கேள்வி வந்துச்சு. பதிலுக்கு மன்னார் வளைகுடாவுக்குப் போவோம்.

கடலுக்கு அடியில சிப்பி விளையுற திட்டுக்குப் பேரு 'பார்'. பாரோட பிரச்சினை என்னன்னா, சில வருஷம் சிப்பி குவியும், அப்புறம் பல வருஷம் ஒண்ணுமே இருக்காது. காரணம் கண்டுபிடிக்க, 1902-ல இலங்கையின் பிரிட்டிஷ் அரசு ஹெர்ட்மேன்ங்கிற விலங்கியல் பேராசிரியரை வரவழைச்சது. கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1903-லேர்ந்து 1906-க்குள்ள ஐந்து தொகுதி அறிக்கை வந்தது.

அந்தச் சமயத்துல விளைச்சலும் அமோகம். 1906-ல அரசு என்ன பண்ணுச்சு தெரியுமா? பார்களை லண்டன் கம்பெனி ஒண்ணுக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டுடுச்சு. ஆராய்ச்சிப் பொறுப்பும் அதோட சேர்ந்து போச்சு. நம்ம பாஷையில சொன்னா, பாதி முடிஞ்ச ப்ராஜெக்ட்டை வெண்டர் கையில கொடுத்த கதை. 1907-க்குப் பிறகு சிப்பி கைவிட்டது. வருமானம் இல்லாத கம்பெனி 20 வருஷம் தாங்கல, மூடிட்டாங்க. ஹார்னெல் மெட்ராஸ் அரசின் மீன்வளத் துறைக்கு வந்துட்டார்.

அதே காலகட்டத்துல ஜப்பான்காரங்க சிப்பிக்குள்ள கரு வெச்சு உருண்டை முத்து வளர்க்கிற நுட்பத்தைப் பிடிச்சுட்டாங்க. உலகச் சந்தையே அவங்க பக்கம் சாய்ஞ்சது.

நம்ம தூத்துக்குடியில கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல. கல்லைக் கட்டிக்கிட்டு மூச்சடக்கி இறங்கின குளிகாரங்களுக்கு அதுக்கப்புறம் அந்த வேலையே இல்ல. 1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழு, அதே தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டுச்சு. 1981-ல பொரிப்பகத்துல சிப்பிக் குஞ்சும் வந்தது. ரெண்டுமே அரசு ஆய்வகத்தோட வேலை.

அரசு காசு போட்டா முத்து நிச்சயம்னு நான் சொல்லல. ஹெர்ட்மேன் முத்து உருவாக ஒட்டுண்ணிப் புழுதான் முக்கியக் காரணம்னு நம்பினார், அது தப்பாப் போச்சு. ஆனா தப்பைத் திருத்தவும் ஆள் தொடர்ந்து அங்க இருக்கணும். சிப்பி இல்லாத வருஷத்துலதான் ஆராய்ச்சி தேவை. கம்பெனி மூடுறதும் அதே வருஷத்துலதான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.