ரயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது? காற்றழுத்தமும் வயதும்

ஒரே நாளில் பூட்டிய நான்கு ரயர்களும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. ஒன்றின் ஓரங்கள் வழுவழுப்பாகிவிடும். இன்னொன்றின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கும். ரயரின் தரம் சரியில்லை என்று பலர் புதியதை வாங்கிவிடுகின்றனர். ஆனால் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய ரயரும் அப்படியே தேயும்.

தேய்வு காட்டும் காரணம்

காற்று குறைந்தால் ரயரின் நடுப்பகுதி தளர்ந்து, பாரம் இரு ஓரங்களிலும் விழுகின்றது. எனவே ஓரங்கள் தேயும். பக்கச்சுவர் அதிகமாக வளைந்து சூடேறுவதால், வேகமாக ஓடும்போது ரயர் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. காற்று கூடினால் நடுப்பகுதி புடைத்து அது மட்டுமே தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் எலைன்மென்ட் பிழையாக இருக்கும். இடையிடையே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபரையும் சில்லின் பலன்சிங்கையும் பரிசோதிக்க வேண்டும்.

எவ்வளவு காற்று?

ரயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் வாகனத்துக்குரிய அளவு சாரதியின் கதவோரத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் இது கிலோபாஸ்கலில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. 220 கிலோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ., 240 என்பது ஏறத்தாழ 35 பி.எஸ்.ஐ. ஆகும்.

நல்ல ரயரிலும் மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை காற்று இறங்கும். எனவே மாதம் ஒரு முறையாவது அளக்க வேண்டும். வாகனம் நின்று மூன்று மணித்தியாலமாவது ஆன பின்னர் அளப்பதே சரி. ஓடிச் சூடான ரயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், ஆறிய பின் குறைவாகிவிடும்.

வயதை அறிவது எப்படி?

பக்கச்சுவரில் உள்ள டி.ஓ.டி. குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களே தயாரிப்புத் திகதி. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் வெயிலும் ஒட்சிசனும் இறப்பரை இறுகச் செய்யும். இறுகிய இறப்பர் தெருவைப் பற்றிப் பிடிக்காது. மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். உள்ளேயுள்ள கம்பிப் படை பிரியத் தொடங்கினால் ஓரிடத்தில் வீக்கம் தோன்றி, அந்த இடம் மட்டும் விரைவாகத் தேயும். அத்தகைய ரயரை உடனே கழற்ற வேண்டும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பல வாகனங்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. அப்படி நிற்கும் வாகனத்தில் காற்று இறங்கி, தரையில் பட்ட பகுதி தட்டையாகிவிடும். பின்னர் ஓடும்போது அதிர்வும் தேய்வும் அங்கிருந்தே தொடங்கும்.

பள்ளங்களில் 1.6 மில்லிமீற்றர் ஆழமே மிஞ்சினால் ரயரை மாற்ற வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஐந்து வருடம் கடந்தால் ஆண்டுதோறும் பரிசோதிப்பதும் பத்து வருடத்துக்கு மேல் பாவிக்காமல் விடுவதும் நல்லது. இவ்விதி டிக்கியில் கிடக்கும் மேலதிக ரயருக்கும் பொருந்தும். பாவித்த ரயர் வாங்குவோர் விலை பேசுவதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்.