இலங்கையும் மலாயாவும்: குடியுரிமை பற்றியதோர் ஒப்பு நோக்கு

பல நாடுகளின் அரசுமுறைகளை அருகருகே வைத்து ஆராயும் வழக்கம் பழமையானது. அரிஸ்டோட்டிலும் அவர்தம் மாணாக்கரும் 158 அரசுகளின் யாப்புகளைத் திரட்டினர் என்பது மரபு. எனினும், ஒப்பீட்டு அரசியல் என்னும் பாடநெறியைப் பேராதனையிற் பயிலத் தொடங்கும் மாணவர் பலருக்கு முதலில் ஏற்படுவது சலிப்பே. பிரித்தானியப் பாராளுமன்றமும், அமெரிக்கக் காங்கிரசும், பிரான்சின் ஐந்தாவது குடியரசும் தேர்வுக்கென மனனஞ் செய்யப்படும் செய்திகளாகவே நின்றுவிடுகின்றன. மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த இக்கட்டுரையாளரின் அநுபவமும் அதுவே. ஒப்புமையின் ஒருபக்கத்திலே தத்தம் ஊரை வைத்துப் பார்க்குமாறு ஒரு வகுப்பிற் பணிக்கப்பட்ட பின்னரே பாடம் உயிர்பெற்றது.

மாத்தளை, தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டுக்கு வந்த பழைய வழியின் வாயில்களுள் ஒன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக இங்கு வந்து சேர்ந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். இம்மக்களின் வழித்தோன்றல்களுக்கு இந்நாட்டு அரசு எத்தகைய இடத்தை அளித்தது?

1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியபோதே இந்திய வம்சாவளியினருக்கு வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு சில தொகுதிகளில் இவர்களுடைய வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், பிறந்த மண்ணையன்றித் தந்தைவழி மரபையே முதன்மையாகக் கொண்டது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, வாக்குரிமை குடிகளுக்கே உரியதாயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஓர் ஆசனமேனும் பெறவில்லை.

மலாயாவிலும் பிரித்தானியர் ஆண்டனர். அங்கும் தமிழர் தோட்டங்களில் உழைத்தனர். ஆனால், 1957ஆம் ஆண்டின் யாப்பு, சுதந்திர தினத்திலோ அதன் பின்னரோ அம்மண்ணிற் பிறப்போரைக் குடிகளாக ஏற்றது. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது?

மலாயாவில் மலாயர், சீனர், இந்தியர் கட்சிகள் ஒரு கூட்டணியாக நின்று, சுதந்திரத்திற்கு முன்னரே பேரம் பேசின. மலாயரின் சிறப்பு நிலையை ஏனையோர் ஏற்றனர், குடியுரிமை தளர்த்தப்பட்டது. அவ்விணக்கம் யாப்பிலேயே பொறிக்கப்பட்டது. இலங்கையிலோ சோல்பரி யாப்பு குடியுரிமையை வரையறுக்காது, பின்வரும் பாராளுமன்றத்திற்கு விட்டுவிட்டது. எந்தச் சமூகத்திற்கும் பாரபட்சம் காட்டும் சட்டத்தைத் தடுத்த அதன் 29(2)ஆம் பிரிவும் இம்மக்களைக் காக்கவில்லை. 1953இல் கோடகன் பிள்ளை வழக்கில் பிரிவுக் கவுன்சில் இச்சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது.

இவ்விரு யாப்புகளோடும் தொடர்புடைய ஒருவர் உளர். டி. எஸ். சேனநாயக்காவுக்கு யாப்பு ஆலோசகராயிருந்தவரும், 1957இல் அறிக்கை சமர்ப்பித்த மலாயாவின் றீட் ஆணைக்குழுவில் அங்கம் வகித்தவருமான சேர் ஐவர் ஜெனிங்ஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராவார். அறிஞர் ஒருவரே, விளைவுகள் இரண்டு. யாப்பின் சொற்களை வரைபவரைவிட, அச்சொற்களுக்குப் பின்னால் நிற்கும் அரசியல் இணக்கமே வலியது என்பது இதனாற் புலனாகும்.

எனினும், மலாயாவை இலட்சிய நாடாகக் கொள்வதும் தவறு. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் பிறப்புவழிக் குடியுரிமையைக் குறுக்கியது. மேலும், அங்கு சீனரின் தொகையும் பொருள்வலியும் பெரிது. இங்கு மலையக மக்களிடம் அத்தகைய பேரவலிமை இருக்கவில்லை. ஒன்றில் மட்டும் வேறுபடும் இரு நாடுகள் உலகில் இல்லை என்பதே ஒப்பீட்டு முறை கற்பிக்கும் அடக்கம்.

எம் வீட்டு றங்குப்பெட்டியில், பூட்டனார் 1951இல் அனுப்பிய குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதி உள்ளது. ஊருக்குச் சென்று மீண்ட காலம் வதிவிடத் தொடர்ச்சியை முறித்ததென அது நிராகரிக்கப்பட்டது. அவர் நாடற்றவராகவே மறைந்தார். 1964ஆம், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டன. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்கின. முன்னர் அந்தப் பிரதி எமக்கு வெறும் துயரமாகவே தோன்றிற்று. இன்று அது ஒரு வினாவாகத் தோன்றுகின்றது: வேறு விதமாக நடந்திருக்கக் கூடுமா? கூடும் என்பதற்கு மலாயா சான்று. இவ்வினாவைக் கேட்கப் பயிற்றுவதே இப்பாடத்தின் பயன்.