பெருக்கல் வாய்ப்பாடு: பாடமாக்க வேண்டியவை 10 விடைகள்தான்

போர்க்கால இடப்பெயர்வுகளால் படிப்பு இடையில் நின்றுபோன பெற்றோர் பலர், பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் திறக்கவே தயங்குகின்றனர். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

1 முதல் 10 வரையான வாய்ப்பாட்டில் 100 விடைகள் உள்ளன. 3×8, 8×3 இரண்டும் ஒன்றே என்பதால் அவை 55 ஆகக் குறையும். 1, 10 இலகுவானவை. 2 என்பது இரட்டிப்பு. 4 என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. 5 என்பது பத்தின் பாதி: 5×8 என்றால் 80 இன் பாதி, 40.

9 இற்குக் கைவிரல்கள் போதும். 9×7 இற்குப் பத்து விரல்களையும் விரித்து, இடப்பக்கமிருந்து ஏழாவது விரலை மடியுங்கள். இடப்புறம் 6, வலப்புறம் 3, விடை 63.

எஞ்சுபவை 3, 6, 7, 8 ஆகிய எண்களைத் தமக்குள் பெருக்கி வரும் 10 விடைகளே: 9, 18, 21, 24, 36, 42, 48, 49, 56, 64.

இவற்றில் 6, 7, 8 இற்கும் விரல் வழி உண்டு. 7×8 இற்கு, 5 இற்கு மேற்பட்ட அளவாக ஒரு கையில் 2 விரல்களையும் மறுகையில் 3 விரல்களையும் நிமிர்த்துங்கள். நிமிர்ந்தவை 5, அது 50. மடிந்தவை 3, 2, பெருக்கினால் 6. ஏழெட்டு ஐம்பத்தாறு.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக் காட்டுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். பிழை விட்டால் ஏசவோ அடிக்கவோ வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் மறந்துபோகும். உங்களுக்கே விடை தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள்.