மலையக மண்ணும் தொல்லியல் மதிப்பீடும்

இறம்பொடைக்குக் கீழே விரியும் கொத்மலை நீர்த்தேக்கம் வறட்சியில் வற்றும்போது, கடதொர விகாரையின் சிதைவுகள் வெளித்தோன்றுவதுண்டு. 1985ஆம் ஆண்டில் நிறைவுற்ற அணையால் நீருள் அமிழ்ந்த தொல்லிடங்களுள் அதுவும் ஒன்று. அழிந்தபின் வருந்துவதினும் அழியுமுன் ஆராய்வதே அறிவுடைமை. 1989இல் இலண்டனிற் கட்டட நிலமொன்றில் 1587ஆம் ஆண்டின் றோஸ் நாடக அரங்கு வெளிப்பட்டமை இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திற்று.

இலங்கையில், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்திற்கு 1998இல் வந்த திருத்தம், அபிவிருத்திப் பணிகளுக்கு முன்னரே தொல்லியல் மதிப்பீட்டை விதித்தது. எனினும் அச்சட்டம் பழைமைக்கு வகுத்த எல்லை, கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815 மார்ச் 2ஆம் நாளாகும். அதற்குப் பிற்பட்ட கட்டடமொன்றைக் காக்கத் தனி அறிவித்தல் வேண்டும்.

மலையகத் தமிழர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதோ 1820களில். லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்டது 1867இல். எனவே லயன்களும், கோப்பிக்காலக் களங்களும், பெயரற்ற புதைகுழிகளும் அவ்வெல்லைக்கு அப்பாலேயே நிற்கின்றன. எழுதப்பட்ட ஏடுகள் பெரும்பாலும் துரைமாரின் கணக்குகளே. தொழிலாளரின் ஏடு மண்ணே. லயனை இடித்து வீடமைத்தல் இன்றியமையாததே. ஆயின் அதற்குமுன் தோட்ட வரைபடங்களை நோக்கி, முதியோரை வினவி, சோதனைக் குழிகள் அகழ்ந்து பதிவுசெய்தலும் அத்துணை இன்றியமையாததாகும்.