சென்சருக்குப் பெயர் எழுதியது யார்?

லினக்ஸ் ஓடுகிற ஒரு கணினியில் குறிப்பிட்ட ஒரு சின்னக் கோப்பைத் திறந்தால் உள்ளே 45000 என்று மட்டும் இருக்கும். அது வெப்பநிலை. ஒரு பாகை செல்சியஸை ஆயிரமாகப் பிரித்து எழுதுவது லினக்ஸின் வழக்கம், ஆகவே 45 பாகை. சரி, எதனுடைய 45 பாகை? புரொசெசரினதா, மதர்போட்டினதா, இல்லை ஒண்டுமே பொருத்தாத வெறும் முனையினதா? வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்தச் சிக்கல் புதிசில்லை. எந்தக் கோயில், எந்தச் சுவர் என்று தெரியாமல் கிடைக்கிற கல்வெட்டுத் துண்டும் இப்படித்தான். எழுத்தை வாசிக்கலாம், இடம் தெரியாமல் பொருள் சொல்ல ஏலாது.

அந்த இடத்தை யார் எழுதுவது, எங்கே எழுதுவது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

90களில் நஷனல் செமிகண்டக்டர் கொம்பனி எல்எம்78 என்றொரு சிப்பை விற்றது. மதர்போட்டின் வெப்பநிலை, ஃபேன் வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் அது அளக்கும். ஆனால் அதனால் நேரடியாக அளக்கக்கூடிய மின்னழுத்தம் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான். 5 வோல்ட் இணைப்பை அளக்க வேண்டுமென்றால், இரண்டு மின்தடைகளைப் போட்டு அதைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். 6.8 கிலோஓமும் 10 கிலோஓமும் போட்டால் சிப் காண்பது சுமார் 2.98 வோல்ட். அதை 1.68ஆல் பெருக்கினால்தான் 5 வரும். சிப்புக்கு இது தெரியாது. மதர்போட் செய்தவருக்குத் தெரியும், ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்லவில்லை.

1998 அளவில் தொடங்கிய எல்எம்-சென்சர்ஸ் என்ற தன்னார்வத் திட்டம் இந்த இடைவெளியை ஒரு எளிய உரைக் கோப்பால் நிரப்பப் பார்த்தது. இந்த சனலின் பெயர் இது, இந்த எண்ணை இதால் பெருக்கு, இந்த சனலைக் கணக்கில் எடுக்காதே. இப்படியான வரிகள்தான் அதில். பயொஸ் திரையில் தெரிகிற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, தங்கள் மதர்போட்டுக்கான வரிகளைப் பாவனையாளர்களே எழுதி மற்றவர்களோடு பகிர்ந்தார்கள். கொம்பனி சொல்லாததைக் கனபேர் கூடிக் கண்டுபிடித்த வேலை அது.

ஆனால் பெயர் வைப்பதற்கு முதல் சிப் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. இந்தச் சிப்புகள் பெரும்பாலும் பிலிப்ஸ் 1982இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பி இணைப்பிலோ அதன் வழிவந்த எஸ்எம்பஸ்ஸிலோ இருக்கும். 'நீ ஆர்?' எண்டு கேட்டால் பதில் சொல்லுகிற பொது வழி அந்த ஐ-ஸ்கொயர்-சியில் கிடையாது. ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து, வருகிற பதிலை வைத்து ஊகிக்க வேண்டும். ஐபிஎம் திங்க்பாட் லப்டொப்கள் சிலவற்றில் இந்தத் தட்டல் ஒரு நினைவகச் சிப்பில் போய் விழுந்தது. உள்ளே இருந்த தரவு பழுதாகி, அந்த லப்டொப்கள் பிறகு எழும்பவே இல்லை. திட்டத்தினர் எச்சரிக்கை எழுதினார்கள், ஐபிஎம் கணினிகளில் தேடலைத் தடுத்தார்கள். வெப்பநிலை பார்க்கப் போய் கணினியையே இழந்தவர்களுக்கு அது பிந்தித்தான் வந்தது.

ஊகிக்காமல் எழுதிவைக்கலாம் என்ற யோசனை இதற்கு முதலே வேறொரு பக்கத்தில் இருந்தது. 80களின் கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் மிச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன்பூட், கணினியில் என்னென்ன பாகம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு மரம் போல விவரித்து இயங்குதளத்திடம் கொடுத்தது. 1994இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரநிலையானது. அப்பிளின் பவர்பிசி கணினிகளும் அதைப் பாவித்தன. 2005 அளவில் பவர்பிசி லினக்ஸ்காரர்கள் அந்த மரத்தைத் தனியொரு கோப்பாக எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்றைய டிவைஸ் ட்ரீ. ஆர்ம் சிப்புகளின் பக்கம் அப்போதும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி நிரல் கேர்னலுக்குள்ளே குவிந்துகொண்டிருந்தது. 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பகிரங்கமாகக் கண்டித்த பிறகு ஆர்மும் இந்த முறைக்கு வேகமாக மாறியது.

அந்த மரத்தில் சென்சர் எப்படி எழுதப்படுகிறது? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஐஎன்ஏ3221 நல்ல உதாரணம். மூன்று மின்னிணைப்புகளின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கிற சிப் அது. கோப்பில் சிப்புக்கு ஒரு கிளை, அதன் கீழே 0, 1, 2 என்று சனலுக்கு ஒரு சின்னக் கிளை. ஒவ்வொன்றிலும் அந்த சனலின் பெயர், அதில் பொருத்திய மின்தடையின் அளவு, பாவிக்காத சனல் என்றால் 'முடக்கு' என்ற குறிப்பு. இதைப் பார்த்து ட்ரைவர் நடந்துகொள்ளும். தட்டிப் பார்க்கிற தேவை இல்லை.

இந்த மின்தடை வரியை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். சிப் உண்மையில் அளப்பது மின்தடையின் இரு பக்கமும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தை. அது 20 மில்லிவோல்ட், மின்தடை 5 மில்லிஓம் என்றால், ஓடுவது 4 அம்பியர். யாரோ கோப்பில் 10 மில்லிஓம் என்று எழுதிவிட்டால் திரையில் 2 அம்பியர் என்று வரும். சிப் பழுதில்லை, அளவும் பிழையில்லை, ட்ரைவரிலும் குற்றமில்லை. விவரணம் பிழை, அதனால் எண்ணும் பிழை. பார்க்கிறவருக்கு அந்த 2 சாதாரண எண்ணாகத்தான் தெரியும்.

அதனால்தான் ஒரு சிப்பை எப்படி விவரிக்க வேண்டும் என்பதற்கே லினக்ஸில் தனி ஆவணம் எழுதி, அதைப் பகிரங்கமாக விவாதித்துச் சேர்க்கிறார்கள். இன்று எழுதின கோப்பு நாளைய கேர்னலிலும் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. மூலாதாரத்தை எப்படி அட்டவணைப்படுத்துவது என்று சுவடிக்கூடங்களில் மினக்கெடுகிற ஆட்களுக்கு இந்தக் கவலை விளங்கும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சாதாரண மேசைக்கணினிகள் பொதுவாக டிவைஸ் ட்ரீ பாவிப்பதில்லை. அங்கே இன்னமும் பெயரில்லாத சனல்கள் இருக்கின்றன. அர்த்தமில்லாத எண்களும் வருகின்றன. ஆர்ம் போர்ட்டுகளிலும் செய்தவர் சரியாக எழுதினால்தான் உண்டு. தொழில்நுட்பத் தரவு எண்டால் அது மனிசக் கை படாத உண்மை எண்டு நாங்கள் நினைத்துக்கொள்ளுகிறோம். இந்தச் சின்ன வரலாறு சொல்வது வேறு. சிப் தருவது எண்ணை மட்டும்தான். அது எதனுடைய எண், எத்தனையால் பெருக்க வேண்டும் என்பதை ஒரு ஆள் எழுதியிருக்கிறார், சிலவேளை பிழையாகவும். அந்தக் கோப்பு திறந்து கிடந்தால் நீங்களும் வாசித்துச் சரிபார்க்கலாம். மூடிக் கிடந்தால் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.