வடத்தை வெட்டிய இரவு

சென்ற ஞாயிறு பேரனை பருத்திப்பட்டு ஏரிக்கு அழைத்துப் போனேன். கரையில் மிதிபடகுகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். "தாத்தா, கடலில் கப்பலை எதில் கட்டுவார்கள்?" என்று கேட்டான். ஆவடியில் முப்பது வருடம் எழுத்தராகக் கோப்பு கட்டியவனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு லாபூர்தொனே கதை பாடம்.

சென்னைக்கும் சரி, புதுச்சேரிக்கும் சரி, அந்தக் காலத்தில் துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். அந்த இடத்துக்கு பிரெஞ்சில் 'ராட்' என்று பெயர். சரக்கும் ஆட்களும் மசூலா படகில் கரைக்கு வரவேண்டும். அதன் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. நம் ஆட்களின் மூளை!

நங்கூரத்தின் கனம் மட்டுமே கப்பலைப் பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கொக்கி போல மண்ணைக் கவ்வ வேண்டும். இழுப்பு தரையோடு படுத்தாற்போல் இருந்தால் கவ்வும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். அதனால்தான் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு வடத்தை விடுகிறார்கள். இன்று இரும்புச் சங்கிலி, அதன் பாரமே ஒரு பகுதியைத் தரையில் கிடத்திவிடும். அன்று சணல் வடம். உராய்ந்தால் அறுந்துபோகும்.

1746 செப்டம்பரில் லாபூர்தொனே சென்னையைப் பிடித்தார். அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. அவர் கரையில், கப்பல்கள் ராடில். சில மூழ்கின, சில பாய்மரம் இழந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மனிதர் கப்பற்படையையும் இழந்து, துய்ப்ளெக்ஸோடு சண்டையும் போட்டுக்கொண்டு, கடைசியில் பாரிஸில் பஸ்தீய் சிறையில் போய்க் கிடந்தார். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லும்போது துய்ப்ளெக்ஸ் பக்கம்தான் நிற்பார். எனக்கு அந்த மாலுமிகளின் நினைப்புதான்.

வாத்தியார் அதிகம் சொல்லாத கதை இன்னொன்று. 1761 ஜனவரி 1. இந்த முறை ஆங்கிலக் கப்பல்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டு எங்கள் ராடில் நின்றன. இரவில் புயல். தளபதி ஸ்டீவன்ஸ் தன் 'நார்ஃபோக்' கப்பலின் வடத்தை வெட்டச் சொல்லி, கரையை விட்டு விலகிக் கடலுக்குள் ஓடினார். மற்றவர்களும் அப்படியே செய்யப் பீரங்கி வெடித்துச் சைகை காட்டினார். காற்றிரைச்சலில் கேட்கவில்லை. உத்தரவு வராமல் வெட்டக்கூடாதே என்று கப்பல் தலைவர்கள் காத்திருந்தார்கள். வடம் தானாக அறுந்தபோது நேரம் கடந்துவிட்டது. மூன்று கப்பல்கள் ஏறத்தாழ 1,100 பேரோடு மூழ்கின. இன்னும் மூன்று அரியாங்குப்பம் பக்கம் கரை ஒதுங்கின. இத்தனை நடந்தும் மிச்சக் கப்பல்கள் திரும்பி வந்து முற்றுகையைத் தொடர்ந்தன. ஜனவரி 16-இல் புதுச்சேரி சரணடைந்தது.

நானும் ஆயுள் முழுக்க மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருந்தவன். அந்தத் தலைவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெட்டிவிட்டுப் புயல் திசை மாறியிருந்தால் விசாரணை நடந்திருக்கும்.

பிறகு சென்னையில் துறைமுகம் கட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களையே உடைத்தது, மறுபடி கட்டினார்கள். இருந்தும் வெளியே காத்து நிற்கும் கப்பலுக்கு அன்றும் இன்றும் நங்கூரம்தான். 2012 அக்டோபர் 31, நீலம் புயல் நினைவிருக்கிறதா? 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பலின் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டு, எலியட்ஸ் கடற்கரையருகே தரை தட்டியது. கப்பலிலேயே தங்கியவர்கள் பிழைத்தார்கள். உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்பவில்லை. படகு கவிழ்ந்தபோது பலரைத் தூக்கிவிட்டவர்கள் நம் மீனவர்கள்.

இப்போது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. சில இடங்களில் ஆழம் மூவாயிரம் மீட்டரைத் தாண்டும். காற்றும் அலையும் எப்படி என்று அவை செயற்கைக்கோள் வழியே சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்டீவன்ஸுக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் மாலையிலேயே கிளம்பியிருப்பார்.

பேரனுக்கு இவ்வளவும் சொல்ல முடியவில்லை. அதற்குள் படகு முறை வந்துவிட்டது. படகுக்காரர் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "பிடிங்க ஐயா, தம்பி ஏறட்டும்" என்றார்.