பனிக்கடலும் கண்டற் சேறும்: எண்ணெய் அகற்றற்கலையின் வரலாறு

கொடிமலைச் சாரலிலிருந்து ஆயர் ஈத்தாம் வழியே இறங்கும் ஆறு, பினாங்கு ஆற்றோடு கூடி ஜார்ஜ் டவுனின் ஓரமாகக் கடலைச் சேர்கிறது. அக்கடலோ, பாரசீக வளைகுடாவின் கச்சா எண்ணெயை ஏற்றிய கப்பல்கள் கீழ்த்திசை நாடுகளை நோக்கி ஓயாமல் கடந்து செல்லும் மலாக்கா ஜலசந்தியின் வடவாயிலில் அமைந்திருக்கிறது. ஆதலின், வருஷம் முழுவதும் உஷ்ணம் தணியாத இந்நாட்டில் இருந்துகொண்டு துருவப் பிரதேசத்து ஆராய்ச்சிகளைப் பயில்வது வெறும் ஆர்வத்தால் மட்டும் நேர்வதன்று. கடலில் சிந்திய எண்ணெய் என்னவாகிறது, அதனை அகற்ற மனிதன் எவ்வாறு கற்றான் என்னும் சரித்திரத்தில், பனிக்கடலும் நமது கடலும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன என்பதையே இங்கு நிறுவ விரும்புகிறேன்.

1967 மார்ச் 18-ஆம் தேதி, இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கப்பால் பாறையில் ஏறிய டாரி கேன்யன் கப்பலிலிருந்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் வெளிப்பட்டபோது, எந்த அரசாங்கத்திடமும் அதற்கேற்ற முறை இருக்கவில்லை. விமானங்கள் குண்டு வீசிக் கொளுத்த முயன்றன. சுமார் 10,000 டன் சலவைத் திரவம் கடலிலும் கரையிலும் தெளிக்கப்பட்டது. எண்ணெய்க்குத் தப்பிய நத்தைகளும் சிப்பிகளும் அத்திரவத்தால் மாண்டன என்பதைப் பிளிமத் கடலாய்வுக் கூடத்தார் பிற்பாடு வெளியிட்டனர். மருந்தே நோயினும் கொடிதாகலாம் என்ற அந்த அறிவிலிருந்துதான் இத்துறையில் முறையான பரிசோதனைகள் பிறந்தன.

அவற்றுள் தலையாயது 1974-75 குளிர்காலத்தில் நிகழ்ந்தது. கனடாவின் போஃபோர்ட் கடற்கரையில் பலீனா விரிகுடா என்னுமிடத்தில், உறைந்த கடலின் பனிப்பாளத்துக்கு அடியில் ஆராய்ச்சியாளர் வேண்டுமென்றே கச்சா எண்ணெயைச் செலுத்திக் கவனித்தனர். எண்ணெய் பாளத்தின் அடிப்புறக் குழிவுகளில் தேங்கி நின்றது. சில நாட்களுக்குள் அதன் கீழே புதுப்பனி உறைந்து, எண்ணெயை நடுவே வைத்து மூடியது. காற்றுப் படாமையால் அது ஆவியாகவில்லை. அலை தாக்காமையால் நீரோடு கலக்கவுமில்லை. சிந்திய அன்றிருந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது. வசந்தகாலத்தில் வெயில் ஏறி, பனிக்குள் உப்புநீர் வடிந்த நுண்ணிய துளைகள் அகன்றபோது, அவற்றின் வழியே எண்ணெய் மேலேறி உருகுநீர்க் குட்டைகளில் பரந்தது. அவ்வாறு வெளிப்பட்டதைத் தீயிட்டால் பெரும்பகுதி எரிந்துபோகும் என்பதும் புலனாயிற்று. எண்ணெய்ப் படலம் சில மில்லிமீட்டர் கனமாவது இருந்தாலன்றித் தீப்பற்றாது. திறந்த கடலில் மிதவைத் தடுப்புகளைக் கட்டி அக்கனத்தை வருவிக்க வேண்டும். பனிக்கடலில் பனியே தடுப்பாக நின்று எண்ணெயைத் திரட்டித் தருகிறது. ஆயினும், அதே பனி எண்ணெய் வழிக்கும் யந்திரங்களை அடைத்துவிடுவதும், தடுப்புகளைக் கிழிப்பதும், குளிரால் இறுகிய எண்ணெய் குழாயில் ஓடாது நிற்பதும் அங்குள்ளோரின் நீங்காத இடர்கள்.

அந்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்த குளிர்காலத்திலேயே, 1975 ஜனவரி 6-ஆம் தேதி, ஷோவா மாரு என்னும் ஜப்பானியக் கப்பல் சிங்கப்பூருக்கருகே தரைதட்டிப் பல ஆயிரம் டன் எண்ணெயைக் கொட்டியது. மலேசியா சுற்றுச்சூழல் சட்டத்தை இயற்றி ஓராண்டும் நிறையாத காலம் அது. அவ்வாண்டிலேயே ஜலசந்திக்கான எண்ணெய்க் கசிவுத் திட்டம் வகுக்கப்பட்டது. 1981-இல், ஜப்பானியர் அளித்த 40 கோடி யென்னை மூலதனமாகக் கொண்டு, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் முறைவைத்து நிர்வகிக்கும் சுழல்நிதி ஏற்பட்டது. கப்பல்கள் எதிரெதிர்த் திசைகளில் தனித்தனிப் பாதையில் செல்லும் ஒழுங்கும் அவ்வாண்டே அமலுக்கு வந்தது. விபத்துக்குப் பின்னரே விதி பிறக்கும் என்னும் குறை இருப்பினும், மூன்று தேசங்கள் ஒரு கடலுக்காக இணங்கியது சாமானியமான காரியமன்று.

உஷ்ணக்கடலில் எண்ணெயின் கதி வேறு. மெல்லிய கச்சா எண்ணெயில் கணிசமான பங்கு ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். எஞ்சியது அலையில் கடையப்பட்டு நீரை உட்கொண்டு, கெட்டித் தயிர்போல் இறுகி, மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும். அதன்பின் அது எரியாது, எளிதில் சிதறவும் செய்யாது. ஆகவே இங்கே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். அது கடந்து எண்ணெய் கண்டல் காட்டுக்குள் புகுந்துவிட்டால், மூச்சுவேர்களின் துளைகளை அடைத்து மரங்களைத் திணறடிப்பதோடு, காற்றுப் புகாத சேற்றில் நண்டுவளை வழியே இறங்கிச் சிதையாமல் தங்கிவிடுகிறது. பனாமாவில் 1986 ஏப்ரலில் உடைந்த ஒரு தொட்டியின் எண்ணெய், கண்டற் சேற்றிலிருந்து ஐந்தாண்டுக்கு மேலும் புதிதாகக் கசிந்துகொண்டே இருந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். ஆக, வடக்கே பனி செய்யும் வேலையைத் தெற்கே சேறு செய்கிறது; ஆனால் பனிக்குள் அடைபட்டதை வசந்தம் ஒருமுறை மேலே கொணர்ந்து கையில் கொடுத்துவிட, சேற்றில் அடைபட்டது ஒவ்வோர் ஓதத்திலும் சிறிது சிறிதாகவே வெளிப்பட்டு, பிடிபடாமல் நஞ்சூட்டுகிறது என்பதே என் துணிபு.

இடத்துக்கேற்ப எண்ணெயின் தீங்கு மாறும் என்பதைப் பரிசோதனைகளும் வலியுறுத்தின. 1981-இல் கனடாவின் பாஃபின் தீவிலும், 1984-இல் பனாமாவிலும், சிதறடிக்கும் ரசாயனம் கலந்த எண்ணெயையும் கலவாத எண்ணெயையும் தனித்தனியே விட்டு ஒப்பிட்டனர். பனாமாவில் ரசாயனம் கலந்தது பவளத்தைத் தாக்கிற்று. கலவாதது கண்டல் மரங்களைக் கொன்றது. கடலடியா கரையா, எதனைக் காப்பது என்னும் தேர்வு அன்றுமுதல் ஒவ்வொரு கரையோரத்துக்கும் தனித்தனியே உரியதாயிற்று.

ஆராய்ச்சியோடு சட்டமும் வளர்ந்தது. அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் 37,000 டன்னைச் சிந்திய ஒரு மாதத்தில், 1989 ஏப்ரலில், சர்வதேசக் கப்பல்மீட்பு உடன்படிக்கை நிறைவேறியது. கப்பலை மீட்க இயலாவிடினும் கடலைக் காத்தவர்க்கு ஊதியம் உண்டு என்றது அது. அதனைச் சோதித்த வழக்கு நமது மலாக்கா ஜலசந்தியிலேயே எழுந்தது. 1992 செப்டம்பரில் நாகசாகி ஸ்பிரிட் கப்பல் ஓஷன் பிளஸிங் என்னும் சரக்குக்கப்பலோடு வடபகுதியில் மோத, ஏறத்தாழ 12,000 டன் எண்ணெய் சிந்தித் தீப்பற்றியது. இரு கப்பல்களிலுமாக இருவரே உயிர் தப்பினர். மீட்பாளர்க்குரிய சிறப்பு ஊதியத்தில் லாபம் அடங்காது என 1997-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்ததனால் அத்தொழிலார் மனம் குன்ற, 1999-இல் ஒப்பந்தத்தின் மூலம் வேறு ஊதியமுறை வகுக்கப்பட்டது.

சட்டம் இவ்வாறு முதிர்ந்தும், 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த கனரக எரியெண்ணெயைச் சென்னைக் கரையில் மீனவரும் மாணவரும் வாளியால் அள்ள நேர்ந்தது. நம் பகுதியிலோ, தெற்கே பேராக்கின் மாத்தாங் கண்டல் காடு மட்டுமே சுமார் 40,000 ஹெக்டர் பரந்துள்ளது. பினாங்கின் கரையோர மீனவர் சங்கத்தார் 1990-களிலிருந்து தம் கைகளால் கண்டல் நட்டு வருகின்றனர். எண்ணெய் கரைக்கு வருமுன் எந்தக் கழிமுகத்தை முதலில் அடைப்பது, எந்த ஆழத்துக்கப்பால் ரசாயனம் தெளிக்கலாம் என்பவற்றை அம்மீனவரையும் உடனிருத்தி முன்கூட்டியே நிர்ணயித்து, தடுப்புகளைக் கிடங்கில் பூட்டாமல் அந்தந்தக் கழிமுகத்திலேயே வைப்பதுதான் மேற்கூறிய ஆராய்ச்சிகளிலிருந்து நமக்குக் கிடைக்கும் நேரடியான காரியம்.